அதிகமாகச் சத்தம் போடும் டயர்

டயர்க் கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் கடைக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகள் நான்கே நான்குதான். எத்தனை கிலோமீட்டர் ஓடும், மழையில் வழுக்குமா, விலையில் எவ்வளவு குறைப்பீர்கள், சத்தம் வருமா. வராது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். கொஞ்சம் வரும் என்று உள்ளதைச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். "இருக்கறதுலயே அதிகமா சத்தம் போடற டயர் எது மச்சான்?" என்று கேட்ட ஒரே ஆள் என் தங்கையின் கணவர்தான்.

அவர் டிரைவர். பத்தொன்பது வருடமாக ஒரே வீட்டில் வண்டி ஓட்டுகிறார். முதலாளி கட்டட ஒப்பந்தக்காரர். வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி. ஏறுவதற்கே பக்கத்தில் ஒரு படி உண்டு. ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரி இருக்கிறது, மாதம் ஒருமுறை முதலாளி அங்கே போவார், கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. அதற்காகத்தான் அந்த வண்டி. மற்றபடி வீடு, ஆபீஸ், வங்கி, கிளப், திரும்ப வீடு. எல்லாம் கண்ணாடி போல தார் ரோடு. மாதம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் நாலே நாலு கிலோமீட்டர்தான் மண்.

"அதுக்கு எதுக்கு மாப்ள பட்டன் டயர்?" என்று கேட்டேன். பட்டன் டயர் என்றால், கட்டை கட்டையாக வெட்டி இடையில் பள்ளம் விட்ட டயர். சேற்றிலும் கல்லிலும் பிடித்து ஏறும். ரோட்டில் ஓட்டினால் ஊளையிடும், டீசல் கூடக் குடிக்கும், மழை பெய்த தார் ரோட்டில் பிரேக் அடித்தால் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும். இதையெல்லாம் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். யார் கேட்கிறார்கள். காய்கறி வாங்கப் போகிறவனுக்குக்கூட மலையேறுகிற டயர் வேண்டும், பக்கவாட்டில் வெள்ளை எழுத்து வேண்டும். வாங்கிக்கொண்டு போய் மூன்றாம் மாதம் வந்து, காது வலிக்கிறது என்று என்னிடம் சண்டை போடுவான். மாப்பிள்ளை அந்த ரகம் கிடையாது. டயர் விஷயத்தில் என்னைவிட ஒழுங்கு. எட்டாயிரம் கிலோமீட்டர் ஆனால் முன்சக்கரத்தைப் பின்னுக்கும் பின்சக்கரத்தை முன்னுக்கும் மாற்றச் சொல்லி வந்து நிற்பார். அதற்கு மேல் நூறு கிலோமீட்டர் தாண்டினால்கூட மனசு கேட்காது அவருக்கு.

"முதலாளி கேட்டாரா?"

"ஆமா மச்சான்," என்றார். உடனே விக்கினார்.

இந்த விக்கலைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் பொய் சொன்னால் விக்கல் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாரோ நினைக்கிறார்கள் என்று ஊர்ப் பேர் உறவுப் பேர் எல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், நிற்கவில்லை. அவருடைய அம்மாதான் கண்டுபிடித்தார், பையன் நிஜத்தைச் சொன்னதும் விக்கல் நின்றுவிடுகிறதென்று. அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு மிட்டாய்கூட அவரால் திருட முடிந்ததில்லை. கல்யாணமாகி எங்கள் வீட்டில் முதல் தடவை சாப்பிட்டபோது, அன்றைக்குச் சமையல் என் தங்கையுடையது, அப்பா கேட்டார், "சமையல் எப்படி மாப்ள?" என்று. "நல்லா இருக்கு மாமா," என்றவர் அரை மணி நேரம் விக்கினார். தங்கை தண்ணீர் சொம்பை அவர் முன்னால் வைத்த வேகத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதனால் முதலாளி கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் துருவவில்லை. வாடிக்கையாளரும் ஆயிற்று, தங்கை வீட்டுக்காரரும் ஆயிற்று. டயர் மாற்ற முதலாளி சம்மதித்திருந்தார். போன மழையில் குவாரிப் பாதையில் வண்டி சிக்கி, பொக்லைன் வைத்து இழுத்தார்கள், அதை ஞாபகப்படுத்தியதும் தலையாட்டிவிட்டாராம். சரி, மண்பாதைக்கும் ஆகவேண்டும், ரோட்டுக்கும் ஆகவேண்டும் என்று நான் யோசித்தேன். என் கடையிலேயே நல்லதாக, பட்டன்கள் நெருக்கமாக இருக்கிற ஒரு நடுத்தர டயரை எடுத்துப் போட்டேன். அவர் கேட்டதற்கு நேர் எதிர். என் தங்கை வீட்டுக்காரர் ஓட்டுகிற வண்டிக்குக் கண்டதையும் மாட்டி அனுப்ப எனக்குக் கை வராது.

மூன்றாம் நாள் வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்ன மச்சான் இது, சத்தமே இல்ல. பட்டு மாதிரி ஓடுது."

"நல்ல டயர் மாப்ள. புதுசுல அப்படித்தான் ஓடும். தேயத் தேயத்தான் சத்தம் வரும். இருபதாயிரம், இருபத்தஞ்சாயிரம் ஓடணும்."

அவர் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "அதுவரைக்கும் நான் என்ன பண்ணுவேன்," என்றார். அப்போதுதான் சொன்னார்.

பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு முதலாளி போனில் பேசுவார். மத்தியானம் அதே சீட்டில் முதலாளியம்மா உட்கார்ந்துகொண்டு பேசுவார். இரண்டு பேருக்கும் நேருக்கு நேர் பேச்சு நின்று வருடம் மூன்றாகிறது. ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஆளுக்கொரு மாடி. இவர் என்ன பேசினார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டும், அந்த அம்மா எங்கே போனார் என்று இவருக்குத் தெரிய வேண்டும். நடுவில் ஒரு டிரைவர், பொய் சொன்னால் விக்குகிற டிரைவர். அந்த வீட்டில் அவரைப் பத்தொன்பது வருடம் வைத்திருப்பது நன்றாக ஓட்டுகிறார் என்பதால்தான் என்று நான் நினைத்திருந்தேன். எனக்குத்தான் உலகம் தெரியவில்லை.

சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியை மாட்டச் சமையலறைப் பின்வாசலுக்குப் போவார். ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி, அதில்தான் சாவி. அந்த நேரத்துக்குச் சரியாக முதலாளியம்மா வந்து ஃபிரிட்ஜைத் திறந்து எதையோ தேடுவார். "இன்னைக்கு ஐயா யார்கூடப்பா பேசிட்டு வந்தாரு?" என்று ஃபிரிட்ஜுக்குள் பார்த்தபடியே கேட்பார். சொன்னாலும் வினை, சொல்லாவிட்டால் விக்கல்.

"ஒரு தடவை சொன்னேன் மச்சான். சமையல்காரம்மா போனதே என்னாலதான்."

அந்தக் கதை எனக்கு வேறு மாதிரி தெரியும். பன்னிரண்டு வருடம் அங்கே சமைத்த பெண்மணி ஒருநாள் திடீரென்று நின்றுவிட்டார், அந்த வேலை என் தங்கைக்குக் கிடைத்தது, நல்ல காலம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நடந்தது என்னவென்றால், மகளுக்கு உடம்பு சரியில்லை என்று அந்தப் பெண்மணி கெஞ்ச, முதலாளியை ஆபீசில் விட்டுவிட்டு வந்த மாப்பிள்ளை அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். பின்சீட்டில் தலைமுடி கிடந்ததைப் பார்த்து அம்மா கேட்டார். இவர் "யாரும் ஏறலம்மா" என்று சொல்ல வாயெடுத்தார், விக்கல் வந்தது, உண்மையும் வந்தது. சமையல்காரி தன் சீட்டில் உட்கார்ந்து போனது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பெண்மணி துணிப்பையோடு கேட்டைத் தாண்டிப் போனதை இவர்தான் கேட்டைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தம்மா என்னைத் திட்டக்கூட இல்ல மச்சான். வரேன்பான்னு சொல்லிட்டுப் போனாங்க."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அவருக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் நிஜமாகவே காதில் விழாவிட்டால், கேட்கவில்லை என்று சொல்வது பொய் இல்லை, விக்கலும் வராது. அதற்குத்தான் சத்தம் போடும் டயர். இந்த யோசனை வர அவருக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

"விட்டுத் தொலைங்க மாப்ள. என் கடையில வந்து உக்காருங்க," என்றேன். அவர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. டயர் அடுக்கியது போக நான் ஒருவன் நிற்கவே பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். நான் மனதாரச் சொல்லவில்லை, அது அவருக்கும் தெரிந்தது. அவர்கள் குடியிருப்பது அந்த வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை. தங்கைக்கு வேலை அந்தச் சமையலறையில். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பத்து எட்டு வைத்தால் தன் வீடு. மகளுக்குப் பள்ளிக்கூடம் தெருமுனையில். ஒரு செங்கல்லை உருவினால் மூன்றும் சேர்ந்து விழும்.

அப்போதுதான் ஒரு டயர்க்காரன் வாயால் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "இனிமே ரொட்டேஷன் பண்ணாதீங்க மாப்ள. முன்சக்கரம் முன்னாடியே ஓடட்டும். சக்கரத்தை நேர் பண்ற அலைன்மென்டும் வேணாம். பட்டன் ஒரு பக்கமா சாஞ்சு தேயும், ஆறேழு மாசத்துல ஊளையிட ஆரம்பிச்சிடும்."

நல்ல டயரைத் தெரிந்தே கெடுப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எட்டாயிரம் கிலோமீட்டர் ஆன அன்று பழக்க தோஷத்தில் கடைக்கு வந்துவிட்டார். வாசலில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். ரம்பப் பல் போல விரலில் இடறியது. காற்று மட்டும் பிடித்துக்கொண்டு, குழந்தையைப் பட்டினி போட்டவர் மாதிரி தலைகுனிந்து போனார்.

ஏழாவது மாதம் சத்தம் வந்துவிட்டது. அறுபதைத் தாண்டினால் வண்டி முழுக்க ஒரே ஊளை. இவர் எழுபதுக்குக் குறைய ஓட்டுவதில்லை. முதலாளி ஒருநாள், "என்னப்பா இவ்வளவு சத்தம்?" என்று கேட்டாராம். "டயர் சத்தம்யா. எனக்கு முன்னாடி ஒண்ணுமே கேக்கல," என்றிருக்கிறார். அம்மா ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு கேட்டபோதும் அதேதான். "டயர் சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா." விக்கல் வரவில்லை. அம்மா திரும்பி ஒரு நிமிடம் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். வரவில்லை. கதவை மூடிவிட்டுப் போய்விட்டார்.

அந்த மூன்று வாரம் மாப்பிள்ளை ஆளே மாறிப்போனார். கடைக்கு வந்து கதையடித்தார். தங்கையைக் கேலி செய்தார். மகள் வரைந்த படம் ஒன்றை என்னிடம் காட்டி, "நல்லாவே இல்ல மச்சான், என்ன சொல்றீங்க?" என்று சிரித்தார். மனுஷன் பத்து வயது குறைந்து போயிருந்தார். நானும் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நாங்கள் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். சத்தத்தில் பேசுகிறவன் கத்திப் பேசுவான்.

முதல் சில நாள் முதலாளி பேச்சையே குறைத்திருக்கிறார். அப்புறம் பழகிவிட்டது. டிரைவருக்குக் கேட்காது என்ற தைரியமும் சேர்ந்துகொண்டது. ஒரு சனிக்கிழமை குவாரியிலிருந்து திரும்பும்போது போனில் வீட்டுத் தரகரிடம் கத்தினார். வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டதாம். வீடு அம்மாவின் அப்பா கொடுத்தது, அம்மா பேரில் இருக்கிறது. "அவ படிச்செல்லாம் பாக்க மாட்டா. பேங்க் ரினியூவல்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிடலாம்," என்றார். கொஞ்சம் கழித்து, "பின்னாடி ரூமா? அதுல டிரைவர் இருக்கான். அதெல்லாம் ஒரு விஷயமா, ஒரு வாரத்துல காலி பண்ணிடுவான்," என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, சிரித்தபடி இன்னும் சத்தமாகச் சொன்னார். "சேச்சே, அவனுக்குக் கேக்காது. அவனே சொல்றான், டயர் சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு."

அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் என் தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் சாவியோடு வந்தபோதே முகம் சரியில்லை. சாவியை ஆணியில் மாட்டினார். அம்மா வந்தார். இந்த முறை ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை.

"ஐயா இன்னைக்கு என்னப்பா பேசினாரு?"

தங்கைக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் கழுவுவதை நிறுத்திவிட்டாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சொன்னால், காட்டிக்கொடுத்தவன் என்று முதலாளி வீட்டைவிட்டுத் துரத்துவார். சொல்லாவிட்டால் வீடே போய்விடும், ஒரு வாரத்தில் இவர்களும் போக வேண்டும். அந்த அம்மாவும், ஏமாந்தது தெரியாமலே கையெழுத்துப் போடுவார்.

"டயர் சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா," என்றார்.

விக்கல் வந்தது. அடுத்தது வந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தார், மூச்சைப் பிடித்துப் பார்த்தார். அம்மா அவசரப்படவில்லை. தானே ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அவர் கையில் கொடுத்தார். "மெதுவா குடிச்சுட்டுச் சொல்லுப்பா," என்றார்.

அவர் குடித்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார்.

கையெழுத்து நடக்கவில்லை. அம்மா தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பேங்க் ரினியூவல் என்று வந்த பத்திரம் முழுவதையும் வரி வரியாகப் படித்தாராம், பிறகு மடித்துத் தன் அலமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. முதலாளி தரகரைச் சந்தேகப்பட்டு அவரோடு சண்டை போட்டார். டிரைவரைச் சந்தேகிக்கவில்லை, அவருக்குத்தான் கேட்காதே. வீடு நின்றது, வேலை நின்றது, இரண்டு அறையும் நின்றது. நான்கூடப் பெருமூச்சு விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து முதலாளியம்மா இறங்கினார். பருத்திச் சேலை, தடித்த கண்ணாடி. பார்த்தால் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை போல இருந்தார். மாப்பிள்ளை வண்டியை ஒட்டியே நின்றுவிட்டார். நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"சத்தமே வராத டயர் எதுங்க?" என்று கேட்டார்.

இருபத்தாறு வருடமாகக் கேட்கிற கேள்விதான். நான் ஸ்டூலை மறுபடியும் துடைத்தேன்.

"ஐயா முன்ன மாதிரி சத்தமா பேசறதில்ல," என்றார் அவர். "அடக்கிப் பேசறாரு. இவருக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குதாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை வீடு கைநழுவப் பார்த்த மனுஷியின் பயம் அதில் இருந்தது. அந்தப் பயத்துக்கு என் மாப்பிள்ளையின் தொண்டைதான் கிடைத்தது.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, வியாபாரத்தையே விட்டுவிட்டுச் சொன்னேன். "இந்த வண்டிக்கு எந்த டயர் போட்டாலும் சத்தம் வரும்மா. நாலு சக்கரமும் இழுக்கற வண்டில்ல. வண்டியோட வாகே அப்படி. மாத்தி ஒண்ணும் பிரயோஜனமில்ல."

பச்சைப் பொய். ரோட்டு டயர் நான்கு தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"அப்படியாப்பா? உனக்குத் தெரியுமே. இவர் சொல்றது சரிதானா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். எனக்காகத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், என்னைப் பொய்யனாக்க மனம் வராமல்.

"ஆமாம்மா," என்றார். விக்கினார்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினேன். தேய்ந்து ரம்பமாகிப்போன நாலு டயரையும் கழற்றி, ரோட்டு டயர் நாலு மாட்டினேன், அலைன்மென்டும் பார்த்தேன். மாப்பிள்ளை ஒவ்வொரு நட்டையும் தானே முடுக்கினார். அந்த வேலையில் மட்டும் அவருக்கு எப்போதும் குறை வைக்கத் தெரியாது.

அம்மா வண்டியில் ஏறிய பிறகு, ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்தார்.

"மச்சான், இது எப்ப சத்தம் போட ஆரம்பிக்கும்?"

அந்த ரக டயர் தேய்ந்து நூல் தெரிகிறவரைக்கும் சத்தம் போடாது. அவர் கண்ணைப் பார்த்தேன்.

"ஒரு வருஷத்துல வந்துடும் மாப்ள," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பினார். எனக்குப் பொய் சொன்னால் விக்கலெல்லாம் வராது.